ஏழு பௌர்ணமி

அசோகன் எழுதிய அந்தக் கணக்கைச் சுப்பராமன் முப்பத்தெட்டு வருஷமாக நம்பவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே ஆய்வு. பௌர்ணமி தோறும் சாயங்காலம், அட்டையில் போட்ட சின்ன ஓட்டை வழியாக நிலாவைப் பார்க்க வேண்டும். ஓட்டைக்குள் நிலா கச்சிதமாகப் பொருந்தும்போது, கண்ணுக்கும் அட்டைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும்.

சுப்பராமனின் நோட்டில் ஏழு பௌர்ணமிக்கும் ஐம்பத்தைந்து. அசோகனின் நோட்டில் ஜூலையில் ஐம்பத்தேழு, ஜனவரியில் ஐம்பத்திரண்டு.

இயற்பியல் வாத்தியார் லீவு. தமிழ் ஐயாதான் பார்த்தார்.

"நிலா தேயும், வளரும். வீங்குமாடா?"

வகுப்பே சிரித்தது.

"சும்மா எழுதியிருக்கான் ஐயா" என்று எடுத்துக் கொடுத்தது சுப்பராமன்தான்.

அறிவியல் கண்காட்சிக்குச் சுப்பராமன் தேர்வாகிப் போனார். அசோகன் பிறகு அறிவியல் பக்கமே திரும்பவில்லை.

போன வாரம் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில், 'இன்று பெரிய நிலா' என்று யாரோ போட்டிருந்தார்கள். சுப்பராமனுக்கு மீன்வாசனை அடிக்கும் அசோகனின் அந்த நோட்டு ஞாபகம் வந்தது. அந்த வருஷத்து நிலாத் தூரங்களைத் தேடினார். ஜூலையில் நிலா தள்ளிப் போய்ச் சின்னதாகத் தெரிந்திருக்கிறது. ஜனவரியில் கிட்டத்தில் வந்து பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அசோகனின் எண்கள் அப்படியே பொருந்தின.

அவன் பொய் எழுதியிருப்பான் என்று தமக்கு ஏன் அத்தனை சுலபமாகத் தோன்றியது? அதுதான் அவரை அரித்தது.

மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கத்தில் அசோகனின் மீன் கடைக்கு நடந்தே போனார்.

"இன்னா சுப்பு, மீனு வாங்கவா வந்துகீறே? ஆத்துல தெரியுமா?" என்றார் அசோகன்.

"நீ எழுதினதெல்லாம் சரிடா."

"இன்னாது?"

"நிலாக் கணக்கு. இப்பத்தான் பார்த்தேன்."

"இப்பதான் கண்டுபுட்ச்சியா? நான் அன்னிக்கே கண்ணால பாத்தேனே!"

"உன்னைப் போய்ப் பொய்யன்னுட்டேன்."

அசோகன் கொடுவாவின் செதிலைச் சுரண்டியபடியே சிரித்தார்.

"அத வுடு. ஏழு பௌர்ணமிக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா பாக்கலாம்னு உங்கூட்டாண்ட வந்தேன். ஏழு வாட்டியும் நீ டிவி முன்னாடி குந்திகினு இருந்தே. ஜன்னல்ல பாத்துட்டு, கூப்பிடாம திரும்பிட்டேன்."

கத்தி சரக் சரக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் உன்னைப் பொய்யன்னப்போ, ஏண்டா நீ வாயே திறக்கலை?"