முறுக்கி ஒட்டிய வளையம்

இடுப்புப் பட்டி இப்படி முறுக்கிக்கொண்டிருந்தால் உடனே பிரித்துவிடுவேனே என்று நினைத்துக்கொள்கிறாள் தையல்காரி. மகள் நீட்டுவது ஒரு காகித வளையம்; ஒரு முனையைத் திருப்பிப் போட்டு மறுமுனையோடு ஒட்டியிருக்கிறாள். "நடுவுல கோடு போட்டிருக்கேன், அதுமேலயே வெட்டும்மா. எத்தனை வளையம் வரும்?" "இது தெரியாதாடி, ரெண்டு." சாயங்கால வெயில் கத்தரியின் விளிம்பில் வழிகிறது. உள்ளறையில் கணவன் பெட்டியில் துணி அடுக்கும் சத்தம். நாளையிலிருந்து அவனுக்குத் தனி வீடு. இருவரும் பேசி முடிவெடுத்ததுதான். கத்தரி சுற்றி வந்து தொடங்கிய இடத்தைத் தொடுகிறது. காகிதம் இரண்டாகவில்லை. ஒரே வளையமாக, முன்னைவிடப் பெரிதாக, அவள் விரலில் தொங்கி மெல்லச் சுழல்கிறது. "தோத்துட்டியே," என்று சிரிக்கிறாள் மகள். மடித்த சட்டையோடு கணவன் அறை வாசலில் நிற்கிறான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. "இன்னொரு தடவை வெட்டினா ரெண்டாயிடும்பா. ஆனா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டே இருக்கும்," என்கிறாள் மகள் அவனிடம். "அப்ப நல்லதுதானே," என்று அவன் மனைவியிடம் கை நீட்டுகிறான். "குடு, நான் வெட்டறேன்." வளையத்தின் நிழல் சுவரில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. அவள் கத்தரியை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடுகிறாள். "வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும்."