பத்து நாள் தாங்காத மீன்

"சின்னத் தொட்டிக்கு ஃபைட்டர்தான் சரிக்கா, லேசுல சாகாது" என்றான் மீன்கடைக்காரன்.

"சீக்கிரம் சாகுற மீனாக் குடுங்க" என்றாள் வசுமதி. வளர்க்கிற மீன் செத்தால் வீட்டுக்கு வந்த கண்டத்தை அது கொண்டுபோய்விடும் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். புருஷனுக்கு டாக்டர் வைத்த கெடு இரண்டு மாதம்.

கடைக்காரன் வேண்டாவெறுப்பாக ஒரு கோல்டு ஃபிஷ்ஷைப் பிடித்தான். "இது தண்ணியை நாறடிச்சிடும். பத்து நாள் தாங்காது."

பாவி மனுஷன், படுத்த படுக்கையாய்க் கிடந்தவர், மீனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்க வாங்க தினமும் அவரே தண்ணீர் மாற்றினார். தடுத்தால், "நம்மளை நம்பி வந்த உசிருடி" என்பார். மீன் கொழுத்தது.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வசுமதி தொட்டியின் கண்ணாடியைத் தொட்டாள். அவர் விரலென்று நினைத்து மீன் ஓடிவந்து வாயைத் திறந்தது.