ஐஸ் குச்சிக் கூடை

மேசை மேல் ஐஸ் குச்சிக் கூடை நிற்கிறது. நாத்தனாரின் வளைகாப்புக்கு வளையல் போட்டுக் கொடுக்க இசக்கிச்செல்வி தன் கையால் செய்தது. சாயங்காலம் விசேஷம். அளவு பார்க்கக் கண்ணாடி வளையல்களை உள்ளே அடுக்கி மூடியிருக்கிறாள். குச்சிகளை ஒட்டிச் செய்த மூடி, பசை காயுமுன் வளைந்துவிடாமலிருக்க அதன் மேல் ஒரு செம்புத் தண்ணீர். கூடையின் பக்கத்தில் ஒட்டிய பிடிதான் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் தடவிய பசை இன்னும் தயிர் போல வெள்ளையாகக் கிடக்கிறது. குச்சி, விரலால் அழுத்தினால் இருக்கிறது, எடுத்தால் வழுக்கி இறங்குகிறது. அவள் விரல்களில் மட்டும் பசை நன்றாகக் காய்ந்து தோலாக உரிகிறது. அருவியில் குளித்த ஈரத் தலையோடு வந்த கணவன் மகாராஜா ஜன்னலை அகலத் திறக்கிறான். "என்னமா சாரல் அடிக்கு பாரு, செல்வி!" தூவானம் மேசை வரை வருகிறது. "அடைங்க அத! சாரலும் நீங்களும்! காலைலேர்ந்து ஒண்ணும் ஒட்ட மாட்டேங்கு." அவன் ஜன்னலைச் சாத்துகிறான். செம்பை இறக்கி வைத்துவிட்டு மூடியைப் பிடித்துத் தூக்குகிறான். கூடையும் கூடவே எழும்புகிறது. உள்ளே வளையல்கள் கிலுகிலுக்கின்றன. மூடியை இழுத்துப் பார்க்கிறான், அசையவில்லை. "நல்லாத்தான ஒட்டியிருக்கு?" என்கிறான்.