பெரியப்பாவின் மூன்றாவது படம்

பெரியப்பாவுக்கு இது மூன்றாவது ஸ்கேன். மாப்பிள்ளைக்கு முதல் ஸ்கேன். அறை வாசலில் இருவரும் தனித்தனிப் பெட்டியில் இருந்தார்கள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெட்டிகளில் தொங்கிய பெயர் அட்டைகளை இடம் மாற்றிக் கட்டினாள்.

உள்ளே இருந்தவை பென்குவின்கள். பத்து வருடமாக அவற்றுக்கு மீன் ஊட்டுவது அவள்தான். கல்யாண வீட்டில் குறை கண்டுபிடிக்க வந்த பெரியப்பா மாதிரி நடப்பதால் மூத்ததற்கு அந்தப் பெயர் வைத்தாள். முகம் பார்த்து எது யார் என்று சொல்ல, அந்த உயிரியல் பூங்காவில் அவளைத் தவிர ஆளில்லை.

பூங்காவின் விதி கறாரானது. நுரையீரலில் பூஞ்சைத் திட்டு முதல் இரண்டு முறை தெரிந்தால் மருந்து. மூன்றாவது முறையும் தெரிந்தால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். அட்டை மாறினால், மாப்பிள்ளை பெயரில் பெரியப்பாவுக்கு இன்னொரு சுற்று மருந்து கிடைக்கும்.

டாக்டர் வந்தார். விதியைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன் என்று அவளுக்கு அவர்மேல் எரிச்சல் உண்டு.

"டைரக்டர் வந்தாச்சா?"

"கார் இப்பதான் வந்துச்சு சார்."

"போய்க் கூட்டிட்டு வாங்க. பெட்டிய நானே உள்ள எடுத்து வச்சுக்கிறேன்."

ஒரு நாளும் பெட்டியைத் தொடாதவர் குனிந்து தூக்கினார். தன் திருட்டு முழி காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அவள் விட்டால் போதுமென்று ஓடினாள்.

ஸ்கேன் நடக்கும்போது அவளுக்கு உள்ளே அனுமதி இல்லை. அரை மணி நேரம் நடைவழியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டைரக்டர் ஃபைலோடு வெளியே வந்தார். "மாப்பிள்ளை சுத்தமா இருக்கும்மா. பெரியப்பாவுக்குத்தான் திட்டு இன்னும் பெருசாயிருக்கு. சாயங்காலம் ஊசி. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பா அட்டை தொங்கியது மாப்பிள்ளையின் பெட்டியில் அல்லவா? ஒன்றும் அறியாத மாப்பிள்ளையைக் கொல்லக் கொடுத்துவிட்டோமே என்று பதறி உள்ளே ஓடினாள்.

பெரியப்பா அட்டை கட்டிய பெட்டியைத் திறந்தாள். மயக்கம் தெளிந்து அவளை முறைத்தது சாட்சாத் பெரியப்பாவேதான்.

திரையில் இருந்த படத்தையே டாக்டர் வெறித்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"அட்டைய நான்தாம்மா மாத்திக் கட்டினேன். அப்புறம் எப்படி?"