அசையாத இரண்டு பேர்

காலிங் பெல் அடித்தது. கதவுத் துளை வழியே பார்த்தேன். மூணாவது மாடி ரேடியோ அக்கா.

எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடு. நாற்பது வீட்டு வம்பும் அவருக்கு அத்துப்படி, அதனால்தான் அந்தப் பெயர். எனக்கு வம்பே ஆகாது. திறக்காமல் திரும்பி வந்தேன். அந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை.

கீழ்த்தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். அதை நடத்தும் டீச்சருக்கு வீடும் அதுதான், பிழைப்பும் அதுதான். ரேடியோ அக்காவின் பையனும் அங்கேதான் இருப்பான். திங்கட்கிழமை அவன் நெற்றியில் ஒரு வீக்கம். டீச்சர் அடித்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பி, மறுநாளே கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஓட்டெடுத்து அவளை அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. நானும் லிப்ட்டில் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். மற்றதெல்லாம் ரேடியோ வேலைதான், சந்தேகமே இல்லை.

எங்களோடு இருக்கும் என் அண்ணி கணக்குப் பேராசிரியர். ஒருத்தர் அபிப்பிராயம் இன்னொருத்தருக்கு எப்படித் தொற்றுகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அதற்காக வீட்டுக்கு ஒருத்தர் தினமும் போனில் அவருக்கு ஒரு மார்க் அனுப்புவோம். எங்கள் வீட்டுக்கு நான். அந்த வாரம், டீச்சர் இருக்கலாம் என்றால் பூஜ்யம், போகணும் என்றால் பத்து. அன்றைக்கு யார் யாரோடு பேசினோம் என்றும் எழுதணும்.

புதன்கிழமை சராசரி ஏழு. டீச்சர் கதை முடிந்தது என்றேன். அண்ணி ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி மடித்து, ஓட்டெடுப்பு முடிந்ததும் பிரித்துப் பார் என்று என் பர்ஸில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணினார்கள். டீச்சர் இருக்கட்டும், முப்பத்தாறு. போகட்டும், நாலு. டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சீட்டைப் பிரித்தேன். 36.

நாற்பது வீட்டு மனசும் நாலு நாளாக என் பர்ஸுக்குள் இருந்திருக்கிறது!

"எப்படி அண்ணி?"

"பழகறவங்க பக்கம் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா சாய்வாங்க தம்பி. நடுவுல ஒருத்தர் மட்டும் அசையாம நின்னு, எல்லார்கிட்டயும் பேசினா, கடைசில கட்டடமே அவங்க பக்கம் வந்துடும். ரேடியோ அக்கா முதல் நாள்லேருந்து பூஜ்யம்தான்."

"அவங்களா?"

"பையன் விழுந்தது அவங்க வீட்டுக் கட்டில்லேருந்து. நான்தான் கவனிக்கலை, டீச்சர் மேல பழி போடாதீங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கிச் சொல்லியிருக்காங்க. இது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். கட்டடம் அவங்க பக்கம் சாயும்னு மட்டும் கணக்குக்குப் புதன்கிழமையே தெரிஞ்சிருக்கு."

நான் திறக்காத அந்த இரண்டு பெல்லும் ஞாபகத்துக்கு வந்தன.

"அப்போ இந்தப் பேச்சைக் கிளப்பினது யாரு? அதையும் கணக்கு சொல்லுமா அண்ணி?"

அண்ணி கொஞ்சம் தயங்கினார்.

"அசையாதவங்க மொத்தம் ரெண்டு பேர் தம்பி. திங்கட்கிழமை மத்த எல்லாரும் ஒண்ணு, ரெண்டுன்னு போட்டப்ப, ஒரே ஒரு ஒன்பது. லிப்ட்டில வந்தவங்க கிட்ட பேசினதோட சரி, அப்புறம் அது யார் சொன்னதையும் கேக்கலை. கடைசி வரைக்கும் ஒன்பதுதான்."

திங்கட்கிழமைப் பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஒன்பதுக்கு எதிரே எங்கள் வீட்டு எண் இருந்தது.