பெரட்டுத் தப்பு

பங்களா ஹாலில் நாலு வெள்ளைக்காரர்கள் பிடில் வாசித்தார்கள். தோட்டத்து மலையை நினைத்துத் தொரையே கட்டிய பாட்டாம். ஆயா மூக்காயி தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். பிடிலில் கேட்டது சாவு வீட்டில் அடிக்கும் தப்பு மேளத்தின் தாளம்.

"இத எங்கங்க தொரை கேட்டீங்க?"

"கீழ் லயத்துல, கூலி ஆளுங்க வீட்டு வரிசையில. மண் சரிஞ்சதுக்கு மறுநாள் காலையில. ஆளுங்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற பெரட்டுத் தப்புதானே?"

மறுநாள் அடிக்க அங்கே ஆள் ஏது? தப்பு அடிக்கிற அவள் புருஷனோடு முப்பத்தோரு பேர் முதல்நாளே மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஒருவரையும் தோண்டி எடுக்காமல், அதன்மேல் ரப்பர் கன்று நட்டவரே இந்தத் தொரைதான்.

"பெரட்டு இல்லைங்க. செத்தவங்களுக்கு அடிக்கிறதுங்க."

தொரை சிரித்தார். "இன்னைக்குக் காலையிலயும் அங்கதான் ஒருத்தன் அடிச்சானே!"

விருந்தாளிகள் கேக்கை மென்றுகொண்டே, சப்பாத்துக் காலால் அந்தத் தாளத்தைத் தட்டினார்கள்.