ஏழு வரை எண்ணும் மன்னன்

சீனாவின் ஹெங்தியன் படப்பிடிப்பு அரண்மனையில் ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூரையிலிருந்து பஞ்சுப் பனியைத் தூவுகிறார்கள். நாற்பது வருடமாக நடிக்கும் கோங் ஷூலின், கம்பளி அங்கியில், அமைச்சராக மண்டியிட்டிருக்கிறார். பசை போட்டு ஒட்டிய தாடிக்குள் வியர்வை அரிக்கிறது. எதிரே, அமைச்சரின் மகனுக்கு மரண தண்டனை விதிக்கும் மன்னனாக இளம் நட்சத்திரம். வசனம் ஒரு வரி தெரியாது; வாயசைக்க எண்களைச் சொன்னால் போதும், டப்பிங்கில் பார்த்துக்கொள்வார்களாம். “என் மகன் பேரையாவது சொல்லுப்பா” என்று ஷூலின் காலையிலேயே கெஞ்சிப் பார்த்தாயிற்று. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…” கண் சிவக்க உறுமுகிறான் மன்னன். ஷூலின் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத மகனை நினைத்து, உடைந்து அழுகிறார். “கட்!” இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு வருகிறார். “என்னய்யா இது, இத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு! ஏழுலதானே அவரு உங்க பையன் தலைய வெட்டச் சொல்றாரு? ஆறுலயே அழுதுட்டீங்களே!”